தொடை என்றால் என்ன? கணிதத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் ஆய்வு தொடங்க நினைக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு

"தொடை" என்ற சொல்லைக் கணிதம் படித்த ஒருவரிடம் சொன்னால் மூலகங்கள், இடைவெட்டு, ஒன்றிப்பு, வென் வரிப்படம் என்று மனம் ஓடும். மருத்துவபீட மாணவரிடம் சொன்னால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருப்பதுதான். இருவரும் சாதாரணதரம் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாகவும் இருக்கலாம். பதினாறு வயதில் ஒருவர் மட்ஸ், மற்றவர் பயோ. அதற்குப் பிறகு ஒருவர் படிப்பது மற்றவருக்குத் தெரியாது. விஞ்ஞானபீடம் இராமநாதன் வீதிப் பக்கம், மருத்துவபீடம் ஆடியபாதம் வீதியில். சைக்கிளில் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தை ஆய்வுக்காகக் கடந்தவர்கள் குறைவு.

நான் தூய கணிதம் படித்தவன். சில வருடங்களாக ஒரு மருத்துவ நண்பருடன் சேர்ந்து காய்ச்சல் தரவுகளோடு வேலை செய்கிறேன். "இதை எங்கே தொடங்குவது?" என்று இரண்டு பக்கத்து மாணவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் போன வழியையும் போயிருக்க வேண்டிய வழியையும் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: மறுபக்கத்தில் ஒரு ஆளைத் தேடுங்கள்

புத்தகம், மென்பொருள், வழிகாட்டி எல்லாம் அப்புறம். முதலில் ஆள். ஏன் என்பதற்கு இரண்டு பழைய கதைகள்.

1908இல் கேம்பிரிட்ஜில் ஒரு மரபியலாளருக்குச் சந்தேகம் வந்தது. ஆட்சியான மரபணு தலைமுறை தலைமுறையாகப் பெருகி எல்லாரையும் பிடித்துவிடாதா? அவர் தன்னோடு கிரிக்கெட் பேசுகிற கணித நண்பரிடம் கேட்டார். அந்த நண்பர் ஹார்டி; நம் இராமானுஜனைப் பின்னாளில் இங்கிலாந்துக்கு அழைத்த அதே ஹார்டி. பெருக்கல் வாய்ப்பாடு போன்ற எளிய கணக்கில் அவர் விடை சொன்னார்: எழுமாறாகக் கலக்கும் பெரிய சனத்தொகையில் விகிதங்கள் அப்படியே நிற்கும். அதே வருடம், அவருக்குச் சில மாதம் முன்பே, ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரத்தில் வைன்பேர்க் என்ற மருத்துவரும் அதையே கண்டிருந்தார். ஜெர்மன் மொழியில் இருந்ததால் ஆங்கில உலகம் அதைக் கவனிக்க முப்பத்தைந்து வருடம் ஆனது. தன் கணிதம் நடைமுறையில் எதற்கும் உதவவில்லை என்று பிற்காலத்தில் எழுதியவர் ஹார்டி. இன்று மருத்துவ மாணவர்கள் அதிகம் கேள்விப்படும் கணிதப் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

இரண்டாவது கதை சி.ரி. ஸ்கானுடையது. ஒரு உருவத்தை ஊடறுக்கும் எல்லாக் கோடுகள் வழியாகவும் எடுத்த தொகையீடுகள் தெரிந்தால் அந்த உருவத்தை மீட்டெடுக்கலாம் என்று ராடோன் என்ற ஆஸ்திரிய கணிதவியலாளர் 1917இல் நிறுவினார். நோயாளிகளை அவர் நினைக்கவில்லை. 1950களில் தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் ஒரு வைத்தியசாலையின் கதிரியக்கப் பிரிவில் பகுதிநேரமாக வேலை செய்த பௌதிகவியலாளர் கோர்மாக், அதே சிக்கலைத் தானாகத் தீர்த்து 1963, 1964இல் வெளியிட்டார். ராடோனின் பெயர் அவருக்குத் தெரியவர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. முதல் நோயாளியின் மூளை 1971இல் ஸ்கான் செய்யப்பட்டது. 1979இல் கோர்மாக்குக்கும் பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விடை 1917இலேயே அச்சில் இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் பக்கத்தில் இல்லை.

ஆகவே ஆள். யாழ்ப்பாணத்தில் அது அவ்வளவு கடினமில்லை. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் ஆண்டு அமர்வுக்குப் போங்கள்; யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் அமர்வுக்கும் போங்கள். உங்கள் துறையல்லாத உரை ஒன்றில் பின்வரிசையில் இருந்து, முடிந்ததும் பேசியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பேராசிரியர்களை மட்டும் தேட வேண்டாம். உள்ளகப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளம் மருத்துவர், சமுதாய மருத்துவத் துறை விரிவுரையாளர், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், எவரும் உங்கள் ஆளாக இருக்கலாம். எனக்குக் கிடைத்தவர் பள்ளிக்கூட நண்பர். உங்களுக்கும் உயர்தரத்தில் பயோ எடுத்த ஒரு நண்பர் கட்டாயம் இருப்பார். அவருக்கு இன்றைக்கே ஒரு அழைப்பு எடுங்கள்.

இரண்டாம் படி: சொற்கொப்பி

கிழமைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், பிளேன்ரீயோடு இருவரும் உட்காருங்கள். முதல் இரண்டு மாதம் ஆய்வு பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு கொப்பியில் சொற்களை எழுதுங்கள்: இடப்பக்கம் கணிதக்காரர் நினைப்பது, வலப்பக்கம் மருத்துவர் நினைப்பது.

தொடை பற்றி முதலே சொன்னேன். "சார்பு" எங்களுக்கு உயர்தரத்தில் படித்த சார்பு. ஆய்வு முறை படித்த மருத்துவருக்கு அது பக்கச்சார்பு, தவிர்க்க வேண்டிய குற்றம். "கூட்டம்" எங்களுக்கு நான்கு விதிகள் உள்ள அட்சரகணிதக் கட்டமைப்பு. அவருக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஒரு கூட்டம், பெறாதவர்கள் இன்னொன்று. "நோர்மல்" என்று நான் சொன்னால் மணி வடிவ வளையி. அவர் சொன்னால் இரத்தப் பரிசோதனைத் தாளில் கவலைப்பட ஒன்றுமில்லை. "எப்போதும்" என்று நான் சொன்னால் ஒரு விதிவிலக்கும் கிடையாது. மருத்துவர் "எப்போதும்" என்றால் பெரும்பாலும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் சொல்ல மனம் வராது. இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளவே எங்கள் இருவருக்கும் பல கிழமை ஆனது.

கொப்பியைத் தமிழிலேயே வையுங்கள். ஆங்கிலச் சொல்லை இருவரும் தலையாட்டிக் கடந்துவிடலாம். தமிழில் விளக்க முயலும்போது புரியாதது உடனே வெளியே தெரியும். இந்த மண்ணில் அதற்கு முன்னோடிகள் உண்டு. மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். இருவரும் சில மைல் இடைவெளியில், ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். அந்த இரண்டு வேலையும் ஒரு கொப்பியில் சேரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மூன்றாம் படி: கேள்வியைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் கூடுதலான நேரம் போகும், போகவும் வேண்டும். கணிதக்காரர் செய்யும் பிழை, தான் விரும்பும் கருவியை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு நோய் தேடுவது. மருத்துவர் செய்யும் பிழை, தரவை எல்லாம் சேர்த்து முடித்த பிறகு "இதில் ஏதாவது கணக்குப் போட்டுத் தாருங்கள்" என்று வருவது. கேள்வி வைத்தியசாலையின் நோயாளர் விடுதியிலிருந்து வரட்டும். அதைக் கூர்மையாக்கும் வேலையைக் கணிதம் செய்யட்டும். ஒரு நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று இரண்டு உதாரணம் காட்டுகிறேன். இரண்டையும் பேனையும் தாளும் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒன்று, ஹார்டியின் கணக்கே. ஒரு பின்னிடைவான மரபணு நோய், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய், 10,000 பிறப்பில் ஒன்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்த மரபணுவின் மீடிறன் (சனத்தொகையில் அது இருக்கும் விகிதம்) அதன் வர்க்கமூலம், 100இல் 1. நோயில்லாமல் மரபணுவை மட்டும் காவுவோர் 2 × 1/100 × 99/100, ஏறத்தாழ 50 பேரில் ஒருவர். நோயாளி 10,000இல் ஒருவர், காவி 50இல் ஒருவர்! இதைக் கேட்டு முதல் தடவை வியக்காத ஆளை நான் காணவில்லை. இனி மருத்துவர் கேட்பார்: "எங்கட ஊரில மச்சான் மச்சாளைக் கட்டுகிறார்களே, அப்போ?" சரியான கேள்வி. எழுமாறாகக் கலக்கிறது என்ற எடுகோள் அங்கே உடைகிறது. சொந்த மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால், பிள்ளைக்கு ஒரே முன்னோரின் ஒரே மரபணு இரு வழியாலும் வந்துசேரும் நிகழ்தகவு 16இல் 1. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் நோய் வரும் வாய்ப்பு 10,000இல் ஒன்றிலிருந்து 10,000இல் ஏழுக்கு ஏறுகிறது. ஏழு மடங்கு; ஆனாலும் 1,400 பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் ஒரு குடும்பத்தைக் காரணமில்லாமல் பயமுறுத்துவோம், அல்லது காரணமில்லாமல் தேற்றுவோம்.

இரண்டாவது, தொற்றுநோய். 1927இல் மக்கென்றிக் என்ற மருத்துவரும் கேர்மாக் என்ற இரசாயனவியலாளரும் எழுதிய கட்டுரைதான் இன்றைய தொற்றுநோய் மாதிரிகளுக்கு அடித்தளம். கேர்மாக் 1924இல் ஆய்வுகூட வெடிப்பில் கண்பார்வையை இழந்தவர். அவர்கள் தங்கள் சமன்பாட்டைப் பரிசோதித்தது 1905–1906 பம்பாய்க் கொள்ளைநோய்த் தரவில். அந்த மாதிரியில், பரவலின் தொடக்கத்தில் நோயாளர் தொகை அடுக்குக்குறி முறையில் வளர்கிறது. வளர்ச்சி வீதம் என்பது பரவும் வீதத்திலிருந்து குணமாகும் வீதத்தைக் கழித்தது. நாளொன்றுக்கு வளர்ச்சி 0.1 என்று தரவு சொல்கிறது. பரவல் 0.3, குணமாதல் 0.2 என்றாலும் 0.1, பரவல் 0.15, குணமாதல் 0.05 என்றாலும் 0.1. முதலாவதில் ஒரு நோயாளி சராசரி ஒன்றரைப் பேருக்குத் தொற்ற வைக்கிறார், இரண்டாவதில் மூன்று பேருக்கு. கட்டுப்படுத்த எடுக்கவேண்டிய முயற்சி இரண்டிலும் வேறு. தொடக்கத் தரவை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் இவற்றைப் பிரிக்க முடியாது என்பதை நிறுவலாம். அது கணிதக்காரரின் பங்கு. ஒரு நோயாளி எத்தனை நாள் தொற்றுள்ளவராக இருக்கிறார், ஐந்து நாளா இருபது நாளா என்பது மருத்துவருக்குத் தெரியும். அந்த ஒரு எண் வந்ததும் முடிச்சு அவிழ்கிறது. எந்த மாறிலியைத் தரவிலிருந்து அறியலாம், எதை அறியவே முடியாது என்ற இந்தக் கேள்வி பெரிய மாதிரிகளில் ஆழமான அட்சரகணிதத்துக்குப் போகிறது. தூய கணிதம் படித்த மாணவருக்கு நல்ல நுழைவாயில் இது என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் தூரம் போக விரும்புவோருக்கு வழிகள் உண்டு. சிப்ரோஃபுளொக்சசின் போன்ற மருந்துகள் பற்றீரியாவின் டி.என்.ஏ முறுக்கை அவிழ்க்கும் நொதியத்தைத் தடுக்கின்றன. அந்த வகை நொதியங்கள் என்ன செய்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள முடிச்சுகளை ஆராயும் கணிதமான முடிச்சுக் கோட்பாடு உதவுகிறது. வளைத்தாலும் இழுத்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிக்கும் இடத்தியலைக் கொண்டு தரவின் "துளைகளை"யும் கிளைகளையும் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதன் மூலம் மார்பகப் புற்றுநோயில் நன்றாகப் பிழைக்கும் ஒரு உட்பிரிவு 2011இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் முப்பது நோயாளிகளின் தரவை வைத்து இடத்தியல் செய்யப் போகாதீர்கள். அழகான படம் வரும், அர்த்தம் இருக்காது.

நான்காம் படி: எவ்வளவு படிப்பது

குறைவாக, ஆனால் முழுதாக. பயோ படித்துவந்தவர்கள் அடுக்குக்குறி வளர்ச்சி, நிபந்தனை நிகழ்தகவு, எளிய வகையீட்டுச் சமன்பாடு, தாயங்கள் (மேட்ரிக்ஸ்) ஆகிய நான்கையும் கையால் கணக்குச் செய்து படியுங்கள். ஆறு மாதம் போதும். மட்ஸ் ஆட்கள் மருத்துவம் முழுவதையும் எட்டிப்பார்க்க வேண்டாம். ஒரே ஒரு நோயை எடுத்து, அதன் கிருமி, அது பரவும் வழி, பரிசோதனை, சிகிச்சை, பதிவாகும் விதம் எல்லாம் தெரியும்வரை படியுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட், இதழில் வருமுன்னே கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்சைவ், கணிதக் கட்டுரைகளுக்கான இசட்பிமத் என்ற இணையத்தளங்கள் மூன்றும் இலவசம். கணினிக்கு ஆர் அல்லது பைதன் என்ற நிரல்மொழிகளில் ஏதாவது ஒன்று.

தேடும்போது மறுதுறையின் சொல்லில் தேட மறக்காதீர்கள். 1994இல் ஒரு பெயர்பெற்ற நீரிழிவு ஆய்விதழில், குளுக்கோசு வளையியின் கீழுள்ள பரப்பைக் காணும் "புதிய" முறை ஒன்று வெளியானது. அது நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் சரிவக விதி. மதிப்பீட்டாளர்களுக்கும் தெரியவில்லை. ஒரு கணித நண்பரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம்.

ஐந்தாம் படி: அனுமதியும் தரவும்

நோயாளரின் தரவைத் தொட முன்பே ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். யாழ் மருத்துவபீடத்தில் அதற்கான குழு இருக்கிறது. தரவை எடுத்துவிட்டுப் பின்தேதியில் அனுமதி கேட்க முடியாது. கணித மாணவர்கள் பலர் இதை அறியாமல் ஒரு வருட உழைப்பை இழக்கிறார்கள். வைத்தியசாலைப் பதிவேடு என்றால் பணிப்பாளரின் அனுமதியும் தேவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஆய்வுத் திட்டத்தை எழுதுவது சலிப்பாகத் தோன்றும். என் அனுபவத்தில், கேள்வி எவ்வளவு மங்கலாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது அந்தப் படிவத்தை நிரப்பியபோதுதான்.

பெயரை அழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுவைதீவு, 72 வயது, ஆண், ஒரு அரிய நோய் என்று ஒரு வரி இருந்தால், பெயர் இல்லாமலே ஊர் முழுக்க யாரென்று தெரியும். தீவுகளும் சிறு கிராமங்களும் உள்ள இடத்தில் வேலை செய்கிற நாம், வயதை வீச்சாகவும் இடத்தைப் பிரதேச அளவிலும் மாற்றியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பாரமாக இருந்தால், முதல் ஆய்வைப் பொதுவில் உள்ள தொகைத் தரவில் செய்யுங்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. டெங்கு, எலிக்காய்ச்சல் முதலியவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று தனித்தனி வரிசையில் இருக்கும். மழையோடு அதை ஒப்பிடுவது நல்ல முதற்பயிற்சி. நுளம்பு முட்டையிலிருந்து வளர ஏழு முதல் பத்து நாள், அதன் உடலில் வைரசு முதிர எட்டு முதல் பன்னிரண்டு நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாள். கூட்டினால் மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே மூன்றிலிருந்து ஐந்து கிழமை. நம் மாரித் தரவில் அந்த இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். நன்னீரில் மட்டுமே பெருகும் என்று எண்ணப்பட்ட டெங்கு நுளம்பு உவர்நீரிலும் வளர்வதை யாழ் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடலோர வீடுகள் நிறைந்த குடாநாட்டில் அதை மாதிரியில் சேர்க்காமல் விடமுடியாது.

ஆறாம் படி: கணக்கும், கணக்கைச் சந்தேகிப்பதும்

எங்கள் முதல் வரைபில் தைப்பொங்கலை ஒட்டி ஒவ்வொரு வருடமும் ஒரு பள்ளம் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோசம். நுளம்புப் பெருக்கத்தில் ஒரு தாமதத்தைப் புகுத்தி, அந்தப் பள்ளம் தானாக வரும்படி மூன்று கிழமை இருந்து சமன்பாடு எழுதினேன். தேற்றம்கூட ஒன்று கிடைத்தது. பிறகு வரைபை ஒரு பி.எச்.ஐ அண்ணையிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "அது லீவுக் கிழமை தம்பி. ஃபோம் எல்லாம் அடுத்த கிழமைதான் போகும்."

தேற்றம் சரிதான், பிழையில்லை. அது விளக்க வந்த விசயம் உலகத்தில் இல்லை. அன்றிலிருந்து எந்தத் தரவைக் கண்டாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இந்தத் திகதி காய்ச்சல் வந்த திகதியா, பதிந்த திகதியா? இந்த எண்ணைக் கையால் எழுதியவர் யார், எந்த நேரத்தில்? பதிவாகாமல் போனவர்கள் எங்கே போனார்கள்? 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு குடாநாட்டில் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தபோது முதலில் அது இனங்காணப்படாத காய்ச்சல் என்றே பேசப்பட்டது. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அந்த நாட்களின் பதிவேட்டை நாளைக்கு ஒருவர் ஆய்வுக்கு எடுத்தால், ஒரே நோய் இரண்டு பெயரில் கிடக்கக் காண்பார்.

மாதிரி எழுதியவுடன் அதைக் கெடுத்துப் பாருங்கள். ஒரு எடுகோளை நீக்குங்கள், ஒரு மாறிலியை இரட்டியாக்குங்கள். முடிவு அப்படியே நின்றால் எழுதலாம்.

ஏழாம் படி: எழுதி வெளியிடுவது

சண்டை வரக்கூடிய இடம், ஆகவே தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். தூயகணிதக் கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். மருத்துவத்தில் முதற்பெயர் கூடுதலாக உழைத்தவர், கடைசிப்பெயர் பொறுப்பான மூத்தவர். இது தெரியாத இருவர் ஒன்றாக எழுதினால் ஒருவர் மனம் நோவது நிச்சயம். ஒரே ஆய்விலிருந்து இரண்டு கட்டுரை வருவதும் வழக்கம்: நிறுவலோடு கணித இதழுக்கு ஒன்று, முடிவும் அதன் பயனும் மருத்துவ இதழுக்கு ஒன்று. 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் போன்ற உள்ளூர் இதழைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். நம் நோய்களை வாசிக்க வேண்டியவர்கள் அதை வாசிக்கிறார்கள். காசு கேட்டு ஒரு கிழமையில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் தொடவே வேண்டாம்.

எட்டாம் படி: திரும்பக் கொண்டுபோவது

கட்டுரை வந்ததும் வேலை முடியவில்லை. தரவு தந்த அலுவலகத்துக்கு, பதிவேட்டை எடுத்துத் தந்த தாதிக்கு, பிழையைச் சொன்ன பி.எச்.ஐக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். சமன்பாடு வேண்டாம். எந்த மாதத்தில், எந்தப் பிரதேசத்தில், மழை பெய்து எத்தனை கிழமைக்குள் என்ன செய்தால் பயன் அதிகம் என்று நாலு வரி. எவ்வளவு நிச்சயம், எங்கே நிச்சயமில்லை என்று இன்னும் இரண்டு வரி. கீழே இருவருடைய தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். புரட்டாதி முடியமுன் கையில் கொடுத்துவிட்டால் நல்லது, ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.